மிளகுத் தராசு

எங்கள் வாப்பாவுக்கு லுணுகலை பஸாரில் ஒரு சிறிய மிளகுக் கடை இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மிளகை நிறுத்து வாங்குவார். தராசு முள் ஒரு நூல் பிசகினாலும் மறுபடி நிறுப்பார். அப்படிப்பட்டவரின் உடம்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்ததை நாங்கள் யாருமே நிறுத்துப் பார்க்கவில்லை.

முதலில் விரல்கள் சோர்ந்தன. சாக்கு மூட்டையின் வாயைக் கட்ட முடியவில்லை. பிறகு நடக்கும்போது செருப்பு கழன்றது. பேச்சுக் குழறியது. பசறைப் பாதையில் பதுளைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் அலைந்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது: இயக்க நரம்புக்கல நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்புக்கலங்கள் இந்நோயில் ஒவ்வொன்றாக இறந்து போகின்றன. தசைகள் மெலிகின்றன. ஆனால் பார்வையும் கேள்வியும், பெரும்பாலானோருக்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். வாப்பா கடைசிவரை கடைக் கணக்கை மனதில் வைத்திருந்தார்.

"குணமாக்க மருந்து இல்லை" என்றார் வைத்தியர். அத்தோடு எங்கள் காது அடைத்துப்போனது. அதன் பின் அவர் சொன்ன இரண்டு விடயங்கள் உள்ளே போகவில்லை. ஒன்று, நிறை குறைய விடாதீர்கள். மற்றது, மூச்சை அடிக்கடி பரிசோதியுங்கள்.

நானா இணையத்தில் தேடினார். 1970இல் சென்னை வைத்தியர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இந்நோயின் ஒரு வகையை விவரித்திருக்கிறார்கள். இளவயதில் தொடங்கி, காது கேளாமையும் சேர்ந்து, மிக மெதுவாக வளர்வது. 'மெட்ராஸ் இயக்க நரம்புக்கல நோய்' என்று அதற்குப் பெயர். வாப்பாவுக்கும் அதுவாக இருக்கட்டும் என்று துஆச் செய்தோம். ஐம்பத்தாறு வயதான, காது நன்றாகக் கேட்ட வாப்பாவுக்கு அது பொருந்தவில்லை. 21 வயதில் நோய் கண்டு 76 வயதுவரை வாழ்ந்த ஸ்டீபன் ஹோக்கிங்கைப் பற்றியும் பேசினோம். 1985இல் அவருடைய தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள் என்பதை மட்டும் பேசவில்லை.

ரமழான் வந்தது. வாப்பா பிடிவாதமாக மூன்று நோன்பு நோற்றார். நான்காம் நாள் பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கே வந்தார். தீராத நோயாளி நோன்பை விட்டு, நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். வாப்பா அழுதார். ஆனால் ஏற்றுக்கொண்டார்.

அந்த மாதத்தில்தான் உம்மா ஒன்றைக் கவனித்தார். பிளேன்டீ குடித்தால் வாப்பாவுக்குப் புரையேறியது. நோன்புக் கஞ்சி புரையேறாமல் இறங்கியது. நீர்த்த பானம் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியானது மெதுவாக இறங்கும் என்று பிறகு தாதி விளக்கினார். தசை மெலிந்தாலும் இந்நோயாளர் பலரின் உடல் வழக்கத்தைவிடக் கூடுதலான சக்தியை எரிக்கிறதாம். அதனால் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் நெய்யும் முட்டையும் கூட்டினோம்.

பெருநாளுக்கு அடுத்த நாள் அவரைக் கடைத் தராசில் ஏற்றினேன்.

"என்ன மகள், நான் மிளகு மூட்டையா?" என்று சிரித்தார்.

68 கிலோவாக இருந்தவர் 59 கிலோ. நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, வயிற்றுக்கு நேரே உணவுக்குழாய் பொருத்துவது பற்றிப் பேசிவிட வேண்டும். குழாய் வைத்த பிறகும், விழுங்க முடிந்ததை வாயால் சுவைக்கலாம். எங்களுக்கோ குழாய் என்றால் கடைசிக் கட்டம். "இப்பவே வேண்டாம்" என்றோம்.

மூச்சும் அப்படித்தான். வாப்பா கதிரையில் சாய்ந்தபடியே தூங்கினார். காலையில் தலைவலி என்றார், பனடோல் கொடுத்தோம். பகலில் கல்லாவில் தூங்கி விழுந்தார், களைப்பு என்றோம். நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது. விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிக்கும் பிரிமென்றகடு சோர்ந்துவிட்டது. இரவில் வெளியேறாத காபனீரொட்சைட்டுதான் காலைத் தலைவலி. இதற்கு வெறும் ஒட்சிசன் போதாது. சில வேளை கெடுதலும் செய்யும். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சிறிய இயந்திரம் வேண்டும். 2006இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், 41 நோயாளரிடம் இது பரீட்சிக்கப்பட்டது. தொண்டைத் தசைகள் ஓரளவு நன்றாக இருந்தவர்களின் ஆயுள் ஏறத்தாழ ஏழு மாதங்கள் நீண்டது. தூக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன.

நாங்கள் சம்மதித்தபோது வாப்பாவின் மூச்சு பாதிக்கும் கீழே போயிருந்தது. அந்நிலையில் குழாய் பொருத்துவதில் ஆபத்து அதிகம் என்றார்கள். மூக்கு வழிக் குழாயோடு வீடு திரும்பினோம். இயந்திரம் மட்டும் கிடைத்தது. முதலிரவு வாப்பா கட்டிலில் படுத்து, சுபஹ் வரை தூங்கினார். உம்மா விடியும்வரை பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் வேண்டுமென்று நானா பெற்றரி ஒன்றையும் வாங்கிவைத்தார்.

அடுத்த ரமழானுக்கு வாப்பா இல்லை.

ஆயுளை அல்லாஹ்வே அறிவான். ஆனால் வாப்பா கதிரையில் கழித்த அந்த ஐந்து மாத இரவுகள் எங்கள் தயக்கத்தால் வந்தவை. குழாயும் முகமூடியும் வேண்டுமா என்று முடிவு செய்வது நோயாளியின் உரிமை. அவர் முடிவு செய்ய நேரம் இருக்கும்போதே கேட்பது நமது கடமை. தோழிகளே, பெற்றோர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்நோய் வந்தால், முதல் மாதமே நிறுத்துப் பாருங்கள். எப்படித் தூங்கினீர்கள் என்று காலையில் கேளுங்கள். தலைவலி என்றால் பனடோலோடு நிறுத்தாதீர்கள்.