ஞாயிற்றுக்கிழமை ஜிம்மி

சாந்தோம் கடற்கரையில் காலை நேரத்தில் நடக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். படகுகளுக்கு நடுவே திரிகிற நாய்கள் தாமாகவே அலைக்குள் இறங்கும். நுரையைக் கடிக்கும். நண்டைத் துரத்திக்கொண்டு வயிறு நனைய ஓடும். யாரும் அவற்றை இழுத்துப் போவதில்லை, யாரும் அதட்டுவதில்லை.

அதே ஜாதி நாய் ஒன்றை வீட்டில் வளர்த்துப் பாருங்கள். பாத்ரூமில் மக்கை எடுக்கும் சத்தம் கேட்டாலே போதும். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். வங்காள விரிகுடாவுக்குப் பயப்படாத ஜீவன், இருபது லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு ஏன் இப்படி நடுங்குகிறது?

தமிழ்நாட்டு நாய்களில் பாதிக்கு மணி என்று பெயர். மீதிப் பாதிக்கு ஜிம்மி. எங்கள் வீட்டில் இருப்பது ஜிம்மி. பட்டினப்பாக்கம் பக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் என் மகள் ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு வந்த குட்டி. காவி நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். சோறு, பால், பிஸ்கட், பேப்பர் எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு சாப்பிடுவான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு எங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

நான் பழைய லுங்கியை மடித்துக் கட்டினால் அவனுக்குத் தெரியும். என் மனைவி கொடியிலிருந்து கிழிந்த துண்டை எடுத்தால் தெரியும். "என்னங்க, இன்னிக்கு அவனை..." என்று அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஜிம்மி கட்டிலுக்கு அடியில் இருப்பான். நாங்கள் 'குளியல்' என்ற வார்த்தையையே விட்டுவிட்டு, 'அந்த விஷயம்' என்று ஆபீஸ் பாலிடிக்ஸ் மாதிரி பேச ஆரம்பித்தோம். ஒரே மாதத்தில் 'அந்த விஷயம்' என்றாலும் அவன் ஓட ஆரம்பித்துவிட்டான்.

இதை வெறும் வேடிக்கையாக விட்டுவிட முடியவில்லை. காரணம், கீழ் வீட்டு மாமா. மாடிப்படியில் ஒருநாள் அவன் என் பிடியிலிருந்து திமிறியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தண்ணியைக் கண்டா இப்படி மிரள்றதே சார்... வெறி கிறி பிடிச்சிருக்கப் போறது. அசோசியேஷன்ல சொல்லி, எங்கேயாவது விட்டுடறது எல்லாருக்கும் நல்லது."

என் மகள் அன்று சாப்பிடவில்லை.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. ரேபிஸுக்கு நம் ஊரில் நீர்வெறுப்பு நோய் என்றே பெயர் உண்டு. ஆனால், அந்த வெறுப்பு வருவது பெரும்பாலும் நோய் தாக்கிய மனிதனுக்கு. தண்ணீரை விழுங்கப் போனால் தொண்டைத் தசை இழுத்துக்கொள்ளும். போகப் போக, தண்ணீரைப் பார்த்தாலே இழுக்கும். வெறி பிடித்த நாயிடம் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. திடீரென்று குணம் மாறும், காரணமில்லாமல் கண்டதையும் கடிக்கும், குரல் மாறும், தாடை தொங்கி எச்சில் வடியும், நடை தள்ளாடும். குளிக்கப் பயப்படுவது அந்தப் பட்டியலில் இல்லை. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907-ல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தக் குழப்பம் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறது.

ஜிம்மியின் தடுப்பூசி அட்டையை மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, இரண்டு தடவை தேதி பார்த்தார். கூடவே ஒன்று சொன்னேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எந்த நாய் கடித்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சட்டம் ஜிம்மி பக்கம். ஆனால், லிஃப்டில் மூக்கு என்று ஒன்று இருக்கிறதே, அது மாமா பக்கம். சாந்தோம் காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் உண்டு. நனைந்து சரியாகக் காயாத நாய் எப்படி நாறும் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. ஆக, ஜிம்மி குளித்தே தீர வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

தடுப்பூசிக்காக வேப்பேரிக்கு அவனைக் கூட்டிப் போயிருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்டேன். 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி. எத்தனை தலைமுறை நாய்களைப் பார்த்த இடம்! அங்கே ஓர் இளம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சார், ஒரு தடவை உங்க பாத்ரூம்ல நாலு கால்ல நின்னு பாருங்க."

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, நின்று பார்த்தேன். ஈரமான டைல்ஸ். உள்ளங்கை வழுக்கிக்கொண்டே போகிறது. மனிதன் வழுக்கினால் குழாயைப் பிடிப்பான். நாய் எதைப் பிடிக்கும்? கதவைச் சாத்தினால் ஓட வழியில்லை. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் நாலு சுவரில் மோதித் திரும்புகிறது. நமக்குக் கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்கிறார்கள். அந்தக் காதுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தண்டோராதான். இதோடு, தலைக்கு மேலே நாலு அடி உயரத்திலிருந்து ஒருவன் மக்கைச் சாய்க்கிறான். அன்பான முதலாளியாகவே இருக்கட்டும், அந்தக் கோணத்தில் பார்த்தால் நானே பயப்படுவேன்.

நொச்சிக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்கு ஒரு டாக்டரு வேணுமா சார்? அலைல அது தானா போவுது, தானா வருது. ஒன் பாத்ரூம்ல தானா வர முடியுமா?"

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடுகிறது. நாய்க்குத் தண்ணீர் பிரச்னை இல்லை. வெளியே போக வழியில்லை என்பதுதான் பிரச்னை.

அதற்கப்புறம் குளியல் மொட்டை மாடிக்கு மாறியது. தரை சுடுவதற்கு முன், எட்டு மணி வெயில். காலுக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கு. அரிசிக் கடையில் சும்மா கொடுத்தார்கள். உலகத்தில் நாய்க்கென்று விற்கிற எந்த ரப்பர் மேட்டும் இதற்கு உறை போடக் காணாது. நகம் பிடித்துக்கொள்ளும், கால் வழுக்காது. பக்கெட்டை முன்பே நிரப்பி வைத்துவிட வேண்டும், சத்தம் கூடாது. கதவு திறந்தே இருக்கும். மக்குக்குப் பதில் சின்னச் சொம்பு. தண்ணீரை வீசாமல், உடம்போடு ஒட்டிப் பின்னங்காலிலிருந்து ஆரம்பித்து மேலே வருவது. தலைக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் போனால் சீழ் பிடித்து அது தனிக் கதையாகிவிடும்.

இன்னொன்று. "ஜிம்மி, வாடா!" என்று பாசமாகக் கூப்பிட்டுக் குளிப்பாட்டக் கூடாது என்றார் டாக்டரம்மா. அப்புறம் எதற்குக் கூப்பிட்டாலும் வர யோசிப்பானாம். நாமே போய் மெதுவாக அழைத்து வர வேண்டும். முதல் மூன்று ஞாயிறு தண்ணீரே ஊற்றவில்லை. சாக்கில் நின்றால் ஒரு துண்டு வேகவைத்த முட்டை, அவ்வளவுதான். நாலாவது ஞாயிறு கால் மட்டும். ஐந்தாவது வாரம் முதுகு. ஓடிப்போனால் போகட்டும் என்று விட்டோம். இரண்டு நிமிஷத்தில் முட்டை ஞாபகம் வந்து தானாகவே திரும்பினான்.

"மனுஷக் குழந்தையைக்கூட இவ்ளோ கெஞ்சினதில்ல" என்றாள் அம்மா. வாஸ்தவம். என்னை அவள் கெஞ்சியதே இல்லை.

அம்மாவின் யோசனை சீயக்காய். பக்கத்து ஃபிளாட்காரர் யோசனை கிருமிநாசினி லோஷன். இரண்டும் வேண்டாம். நம் தோல் லேசான அமிலம், பி.ஹெச். ஐந்தரையை ஒட்டி இருக்கும். நாயின் தோல் பெரும்பாலும் ஏழை ஒட்டிய நடுநிலை. மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கான ஷாம்பு அதை வறட்டிவிடும், சொறியத் தொடங்கும், சொறிந்த இடம் புண்ணாகும். நாய்க்கென்று விற்கும் ஷாம்புவைக்கூடத் தண்ணீரில் கலக்கிப் போட்டு, நுரை கொஞ்சமும் மிச்சமில்லாமல் அலச வேண்டும். ரொம்பவும் அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய் போய்விடும். அழுக்கோ தோல் வியாதியோ இல்லாத குட்டை முடி நாட்டு நாய்க்கு மாதம் ஒரு தடவை தாராளம்.

பி.காம். படித்தவன் நான். எதையும் பற்று வரவு எழுதிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு குளியலுக்குச் செலவு மூன்று பக்கெட் தண்ணீர், ஒரு முட்டை, இரண்டு துண்டு, ஒரு மணி நேரம். வேறு ஊரில் இதில் முதல் ஐட்டத்தை யாரும் எழுத மாட்டார்கள். சென்னையில் எழுதித்தான் ஆக வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது மாடியில் நாயைக் குளிப்பாட்ட எந்த மனிதனுக்குக் கை வரும்? அந்த இரண்டு மாதமும் ஜிம்மிக்குச் சீப்பும், ஒரு சொம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டும்தான். நன்றாகவே இருந்தான். தண்ணீர் இல்லாமலும் நாயைச் சுத்தமாக வைக்கலாம். கை வைக்காமல் முடியாது.

இந்தக் கணக்கில் வரவு என்ன? வாசனை போவது சின்ன வரவு. பெரிய வரவு எனக்குத் தெரிந்தது ஒரு செப்டம்பர் ஞாயிறு. சாக்கில் நின்ற ஜிம்மி அன்று முட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். சோம்பல் என்று நினைத்திருப்போம். ஆனால், மடங்கிய காதுக்குள் ஈரத்துணி போனபோது மிளகு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. உண்ணி. கால் விரல் இடுக்கில் இன்னும் இரண்டு, வாலடியில் ஒன்று. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது.

அன்று மாலையே டாக்டர், மறுநாள் ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. "சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் டாக்டர். தாமதமானால் மூக்கில் ரத்தம் வந்து, சில நாய்கள் பிழைப்பதில்லை என்று அப்புறம்தான் சொன்னார். நாலு வாரம் மாத்திரை. என் மகள் செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள், ஒரு வேளை தவறவில்லை.

பழுப்பு நிற நாய் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் அல்ல, சுவர் விரிசலில், கதவு நிலையில், கட்டில் காலில். அதனால் நாயை மட்டும் கவனித்தால் பாதி வேலைதான். கண்ணில் பட்ட உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்குவதும், நெருப்பு வைப்பதும், மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். தடுக்கிற மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். அதெல்லாம் சரி, முதலில் அது இருப்பது தெரிய வேண்டுமே! நாயைத் தினமும் தடவிக் கொடுக்கிறோம், ஆனால் தலையையும் முதுகையும்தான். காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில் கை போவது குளியலில் மட்டும். நாலு பேர் அமுக்கிப் பிடித்து, திமிறத் திமிற ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற குளியலில் அந்த மிளகு எப்படிக் கைக்குத் தட்டுப்படும்?

ஜிம்மிக்கு இன்றைக்கும் குளியல் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். லுங்கியை மடித்துக் கட்டினால் ஒரு பெருமூச்சு விடுகிறான். எழுந்து படியேறுகிறான். வரி கட்டப் போகிற கௌரவமான குடிமகன் நடை.

முடிந்ததும் ஒரு உதறல். ஈரமான மிருகங்கள் உதறுவதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் படமெடுத்து ஆராய்ந்து 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சுண்டெலி விநாடிக்குச் சுமார் முப்பது தடவை, லாப்ரடார் நாலைந்து தடவை. முடியிலிருக்கும் தண்ணீரில் எழுபது சதவீதம் வரை சில விநாடிகளில் போய்விடுமாம். எங்கே போகிறது என்பதை என் சட்டையைக் கேட்டால் சொல்லும்.

அப்புறம் மாடியை நாலு சுற்று. கீழ் வீட்டு மாமா மராமத்துக்கு வாங்கி மூலையில் கொட்டி வைத்திருக்கும் ஆற்று மணல் குவியலைக் கண்டதும் நிற்பான். எங்கள் முகத்தைப் பார்ப்பான். நாங்கள் கத்துவதற்குள் அதில் மல்லாந்து புரள்வான், முதுகு, காது, மூக்கு எதையும் விடாமல்.

போன மாதமும் அப்படித்தான். ஷாம்பு பாட்டிலோடு நான் அப்படியே நிற்க, அம்மா மட்டும் அசரவில்லை.

"விடுடா, குளிச்சிட்டு விபூதி பூசிக்கறான்" என்றாள்.