குழாயை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு!

சாப்பாட்டு மணி அடித்ததும் இந்தப் பலகை முன்னால் வந்து நிற்கும் நண்பர்களே! தலைப்பில் 'கணக்கு' என்று பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். இது பைக்கும் விமானமும் வருகிற கட்டுரைதான்.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சைலன்சருக்குள் இருப்பதை உருவி எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்பார்கள். "புகை தாராளமா வெளிய போனாத்தான்டா இன்ஜின் தாராளமா இழுக்கும்" என்று என் மாமாவும் சொல்வார். அவர் டூவீலர் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் வறண்ட ஏரியில் மாடல் விமானம் விடுவார். அந்த விமானத்தின் 10 சிசி இன்ஜின்தான் இந்த நம்பிக்கையை உடைத்தது.

அந்தக் குட்டி இன்ஜின் நம்ம அண்ணன்கள் உயிரை விடுகிற ஆர்.எக்ஸ். 100 மாதிரியே டூ ஸ்ட்ரோக். ஆனால் பெட்ரோல் கிடையாது. மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், கூடவே நம்ம விளக்கெண்ணெய்! இன்ஜினைக் கிளப்பினால் ஏரியே மணக்கும். பாட்டி அங்கே இருந்தால் "யாருக்குடா வயிறு சரியில்ல?" என்று கேட்டிருப்பார்.

டூ ஸ்ட்ரோக்கில் புகை போவதற்கு வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். பிஸ்டன் இறங்கும்போது அது திறக்கும், ஏறும்போது மூடும். சிக்கல் எங்கே என்றால், புதுக் கலவை உள்ளே வருகிற ஓட்டை முதலில் மூடிக்கொள்கிறது. புகை ஓட்டை அதற்குப் பிறகுதான் மூடுகிறது. அந்த இடைவெளியில் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். வெறும் குழாய் மாட்டியிருந்தால் போனது போனதுதான். காது கிழிகிற சத்தம் மட்டும் மிச்சம்.

இதற்குத்தான் டியூன்டு பைப். ஒல்லியாக ஆரம்பித்து, கூம்பாக விரிந்து, மறுபடி கூம்பாகச் சுருங்கி, கடைசியில் ஒரு சின்ன வால். இரண்டு புனல்களை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல இருக்கும். புகை ஓட்டை திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. விரியும் கூம்பில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வந்து, மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் வேகமாக உள்ளே வரவைக்கிறது. மீதி அலை சுருங்கும் கூம்பில் மோதி, அழுத்த அலையாகவே திரும்புகிறது. அதற்குள் வெளியே எட்டிப் பார்த்த புதுக் கலவையை, ஓடிப்போன மாட்டைத் தொழுவத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது போல, சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளுகிறது. உடனே பிஸ்டன் ஏறி ஓட்டையை மூடிவிடுகிறது.

பிளஸ் ஒன் லேபில் இசைக்கவையைத் தட்டி, தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கி, சத்தம் எங்கே கூடுகிறது என்று பார்ப்போமே, அதன் அண்ணன் தம்பிதான் இது. திறந்த முனையில் அலை தலைகீழாகத் திரும்பும், மூடிய முனையில் அப்படியே திரும்பும். இந்தக் குழாயில் இரண்டு வேலையும் நடக்கிறது.

இந்த வித்தையைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் வால்ட்டர் காடன். அப்போதைய கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். பைக் கம்பெனியின் பொறியாளர். 1961-ல் அவருடைய 125 சிசி ரேஸ் இன்ஜின் சுமார் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த போட்டியோடு மேற்கே தப்பிப்போய் சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் சுசுகிக்காக 50 சிசி உலகப் பட்டமும் வென்றார். அவரோடு குழாய் ரகசியமும் போய்விட்டது! மாடல் விமானக்காரர்களும் 1960-களிலேயே இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மாமாவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் இந்தக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிற பேச்சே இல்லை. இன்ஜினிலிருந்து குழாய் வரை போகிற ஹெடரையும் சேர்த்து நீளம் 57 சென்டிமீட்டர் இருந்தது. "நீளமா இருக்கு, ஒரே வெட்டா வெட்டிடலாம்" என்று மாமா ரம்பத்தை எடுத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. வெட்டினதை ஒட்டவைக்க முடியாதே! "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க மாமா" என்று நோட்டை எடுத்தேன்.

பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பு வரை அலை போய்த் திரும்பும் நேரமும், புகை ஓட்டை திறந்திருக்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஓட்டை ஒரு சுற்றில் 150 டிகிரி திறந்திருக்கிறது. நிமிடத்துக்கு 13,000 சுற்று என்றால் அது ஒரு வினாடியில் ஏறத்தாழ 520-ல் ஒரு பங்குதான். சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பாதை 1 மீட்டர். போக 50, வர 50. ஆகக் குழாய் 50 சென்டிமீட்டர்!

"அப்ப ஏழு சென்டிமீட்டர் வெட்டு" என்றார் மாமா. நான் கெஞ்சி அரை அரை சென்டிமீட்டராக வெட்டவைத்தேன். ஏனென்றால் 520 என்பது ஒரு உத்தேசம். புகையின் சூட்டைப் பொறுத்து அது மாறும். குழாய் கொஞ்சம் நீளமாக இருந்தால் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அளவுக்கு மீறிக் குட்டையானால், புரொப்பெல்லரைச் சுமந்துகொண்டு அந்த வேகத்தை இன்ஜின் எட்டவே முடியாது. அப்புறம் அந்தக் குழாய் அலங்காரம்தான்.

ஒவ்வொரு வெட்டுக்கும் டேக்கோமீட்டரைப் பிடித்தது நான். சாதா சைலன்சரில் 11,000 சுற்று வந்த அதே புரொப்பெல்லர், 52-க்கு வந்தபோது தரையிலேயே 12,000 தொட்டது. 'ஆயிரம்தானா?' என்று உதட்டைப் பிதுக்காதீங்க. புரொப்பெல்லருக்கு வேண்டிய திறன் சுற்று வேகத்தின் முப்படியில் ஏறும். 12/11-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.3 வரும். முப்பது சதவீதம் கூடுதல், அதுவும் குழாயின் வாயைச் சுருக்கி!

பறக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறைந்து வேகம் இன்னும் ஏறும். அப்போது இன்ஜின் 'பைப்பில் ஏறும்' என்பார்கள். சத்தம் சட்டென்று வீறிடும், காற்றை அதிகம் இழுக்கும், எரிபொருள் பற்றாமல் சூடேறும். அதனால் தரையில் இருக்கும்போதே நீடிலைக் கொஞ்சம் திறந்து, கலவையைச் செழுமையாக வைக்க வேண்டும். கீழே நல்லா இருக்கேன்னு இறுக்கி வைத்தால், நடுவானில் இன்ஜின் நின்று, விமானம் முள்ளுக்காட்டில்தான் இறங்கும்.

மாமா 52-லேயே நிறுத்திக்கொண்டார். மீதி 2 சென்டிமீட்டரையும் வெட்டிப் பார்க்க எனக்குத்தான் ஆசை. "புள்ள கணக்கு சரியாத்தான் இருக்கும், ஆனா குழாய் ஒண்ணுதானே இருக்கு" என்று சொல்லி ரம்பத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

- பிளஸ் ஒன் மாணவன், 'ஆ' பிரிவு