வேலி தாண்டி வரும் வேர்

தாமிரபரணியின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. ஆயினும் கோடையில் வாய்க்கால் வறண்டதும், அண்டை வீட்டு வேம்பின் வேர்கள் நாங்கள் நாள்தோறும் நீரூற்றும் கீரைப் பாத்திக்கு வந்துவிடுகின்றன. செங்கல் கட்டிப் பாத்தியை உயர்த்தியும் தப்பவில்லை. ஈரமும் எருவும் இருக்குமிடம் நோக்கி அவை அடியிலிருந்தே மேலேறுகின்றன.

நம் நிலத்துக்குள் வந்த வேரை வெட்டினால் என்ன என்று கேட்போர் உண்டு. எல்லை தாண்டிய கிளையைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. உரியவரிடம் சொல்வதே முதற்படி. தூரையொட்டிய பருத்த வேரை வெட்டினால் மரமே சாயக்கூடும். நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவ்வேம்பின் பழத்தைக் கொத்தும் மைனாக்கள் அண்டை வீட்டாரின் கணக்கில் அல்லவா சேர்கின்றன!

அடியில் சாக்கு விரிப்பதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை, அது மக்கிவிடும். செங்கல் கால்களின்மேல் கடப்பாக்கற்களைச் சிறு இடுக்கு விட்டுப் பரப்பி, அதன்மேல் மண் நிரப்பினோம். மிகுதி நீர் இடுக்கில் வடிகிறது. கீழே ஒரு சாண் வெற்றிடம். வேருக்குப் பற்ற மண்ணில்லை. கால்களைத் தழுவி ஏறுவதை மட்டும் மாதமொருமுறை குனிந்து பார்த்து நறுக்குகிறோம்.

முதல் அறுப்பில் ஒரு கட்டு சிறுகீரை வேம்பு நிற்கும் வீட்டுக்குப் போயிற்று.