தட்டிப் பார்த்தால் தெரியும்

நீல்டுமூர் துறையில் படகு ஏறும்போதே படகுக்காரர் கேட்டுவிட்டார்: "குடிக்கத் தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?" சுற்றிலும் தண்ணீர்தான். கோல்பெட்டுவா ஆறு வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உடனே துப்ப வேண்டியிருந்தது.

அக்கரையில் காபுரா. வங்கதேசத்தின் தென்மேற்கு மூலையில், சாத்கீரா மாவட்டத்தில், ஆறுகளும் சுந்தரவனக் காடும் சூழ்ந்த தீவு. 2009 மே 25 அன்று ஐலா புயல் இதைச் சுற்றியிருந்த மண் கரையை உடைத்தது. உள்ளே வந்த உப்புநீர் லேசில் வடியவில்லை. பல குடும்பங்கள் கரைமேலேயே குடிசை போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தன.

அந்தக் கரைமேல்தான் வாடகை மோட்டார் சைக்கிளில் போனோம். துணைக்கு வந்த சாத்கீரா இளைஞர் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு பக்கமும் காட்டினார். இடப்பக்கம் ஏற்றத்தில் இருந்த ஆறு. வலப்பக்கம் ஊர், ஆற்றைவிடத் தாழ்வாக. 1960களில் இந்தக் கடலோரம் முழுக்க இப்படிக் கரை கட்டினார்கள். வெள்ளம் நின்றது, வெள்ளத்தோடு வரும் வண்டலும் நின்றது. வெளியே ஆற்றுப்படுகை மேடேறியது, உள்ளே நிலம் அப்படியே தங்கிவிட்டது. போதாததற்கு, 1975இல் கங்கையின் குறுக்கே ஃபராக்கா அணை வந்தபின் கோடையில் இறங்கிவரும் நல்ல தண்ணீரும் குறைந்தது. கடல் மட்டம் உயர்வது உண்மை. ஆனால் எல்லாப் பழியையும் கடல்மேல் போட்டுவிட முடியாது.

கொஞ்ச தூரத்தில் கரையைத் துளைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குழாய். இறால் பண்ணைக்கு உப்புநீர் எடுக்கப் போட்டது. இறால் பண்ணையை இங்கே 'கேர்' என்கிறார்கள். சட்டப்படி கரையைத் துளைக்கக் கூடாது. "ராத்திரியில திறப்பாங்க" என்றார் இளைஞர், ஏதோ பால்காரர் வரும் நேரத்தைச் சொல்வதுபோல. அதே கரையில் கொஞ்சம் தள்ளி மணல் நிரப்பிய ஜியோ பைகளும், வார்த்து அடுக்கிய சிமென்ட் கட்டைகளும். காபுராவின் கரையைப் புதிதாகக் கட்ட ஆயிரம் கோடி டாக்காவுக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது வங்கதேச அரசு.

ஒரு வீட்டு வாசலில் உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மாவை இளைஞர் 'காலா' என்று கூப்பிட்டார். அம்மாவோடு பிறந்தவளைக் கூப்பிடும் முறை, நம் சித்தி மாதிரி. தகரக் கூரையின் ஓரத்தில் பாதியாய் அறுத்த குழாய், அதன் வாயில் வலை, கீழே கழுத்தளவு உயரத்தில் கறுப்பு டேங்க். யார் கொடுத்தது என்று கேட்டேன். அதன்மேல் ஒட்டியிருந்த முத்திரை வெயிலில் உரிந்துபோயிருந்தது. காலா உதட்டைப் பிதுக்கினார். "ஆபீஸ்லருந்து வந்தாங்க. படம் எடுத்தாங்க."

பிறகு விரலை மடக்கி டேங்கை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று வந்த சத்தம் இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் தொப்பென்று மாறியது. அங்கேயே உள்ளங்கையை வைத்தார். "இவ்வளவுதான் இருக்கு." அப்போது மார்ச் கடைசி. நல்ல மழை வர ஜூன் ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்க் 2,000 லிட்டர். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் நாளைக்கு 10. இருநூறு நாள் வரும். மழை நின்ற அக்டோபரிலிருந்து மே வரை ஒருவழியாக ஓட்டிவிடலாம். ஆனால் அது குடிக்க மட்டும். அரிசி களைந்து உலையும் வைத்தால் நாளைக்கு 25 ஆகும். எண்பது நாளில் தரை தட்டிவிடும். காலா அதனால் குளத்து நீரில் சமைக்கிறார். குளமும் கரிக்கும். "சோத்துக்கு உப்புப் போட வேண்டாம்" என்று சிரித்தார்.

குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் 13,000க்கு மேற்பட்ட வீடுகளுக்கு இப்படி மழைநீர்த் தொட்டி தரும் திட்டத்துக்குப் பசுமைக் காலநிலை நிதியம் 2018இல் ஒப்புதல் தந்தது. குறை சொல்ல மனம் வரவில்லை. இந்தக் கறுப்பு டேங்க் இல்லாவிட்டால் காலா தினமும் இடுப்பில் குடத்தோடு மைல் கணக்கில் நடக்க வேண்டும். ஆனாலும், வளரும் நாடுகளின் காலநிலைச் செலவுக்கென்று பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் ஒப்புக்கொண்ட தொகை 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். அதை எட்டியது 2022இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். கடலை உயர்த்திய புகையில் காலாவின் பங்கு அடுப்புப் புகைதான். கடன் மட்டும் அவர் நாட்டுக் கணக்கில்.

திரும்பும் வழியில் தூண்கள்மேல் நிற்கும் புயல் காப்பகம். மற்ற நாளில் பள்ளிக்கூடம். வாய்ப்பாடு சத்தம் கீழே வரை கேட்டது. நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவதுபோல இங்கே தொண்டர்கள் சிவப்புக் கொடி ஏற்றுகிறார்கள். ஒன்று என்றால் காது கொடு, மூன்று என்றால் காப்பகத்துக்குப் போ. 1970 போலா புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 1972இல் தொண்டர் படை தொடங்கியது. 2020இல் அம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கு மேற்பட்டோரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பதுக்குள். ஒலிபெருக்கியோடு மழையில் வீடு வீடாகப் போகிறவர்கள் அதே ஊர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. பார்த்தவற்றில் என்னை அசத்தியது இதுதான். ஐம்பது வருஷமாக விடாமல் செய்திருக்கிறார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று முடிந்துபோகும் திட்டங்களால் இது வராது. காலாவின் டேங்கில் குழாய் ஒழுகினால் யாரிடம் சொல்வது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, இளைஞருக்கும் தெரியவில்லை. இப்போதைக்குக் கந்தல் துணி சுற்றியிருக்கிறார்.

மாலைப் படகில் என்னோடு ஏறியவை எட்டு நீல டிரம்கள், எல்லாம் காலி. அக்கரையில் தண்ணீர் வாங்கி நிரப்பிக்கொண்டு காலையில் திரும்புமாம். உட்கார இடம் பார்த்தேன். படகுக்காரர் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, "இதுமேல உக்காருங்க" என்றார்.