ஜென்ட்ஸ் சீட்

நேற்று பஸ்ஸில் இடது பக்கம் நிரம்பி வழிந்தது. வலது பக்கம் ஜன்னலோர சீட் காலி. போய் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் ஏறிய பெரியவர் பக்கத்தில் உட்காராமல், "ஏம்மா, இது ஜென்ட்ஸ் சீட்டும்மா" என்றார். அண்ணாந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் 'மகளிர்' என்று இருந்தது. என் தலைக்கு மேல் ஒரு எழுத்துகூட இல்லை. "எங்கங்கய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பக்கத்து சீட் காலியாகவே இருக்க, கடைசிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார், பாவம்.

பிரித்து வைப்பது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை. தெஹ்ரான் மெட்ரோவில் இரு முனைப் பெட்டிகளும் பெண்களுக்கு. அவர்கள் நடுப்பெட்டிகளிலும் ஏறலாம். டோக்கியோவில் கூட்ட நேரத்தில் பெண்களுக்குத் தனிப்பெட்டி விடுவதற்குக் காரணம் மதமோ மரபோ இல்லை, உரசும் கைகள்தான்.

மும்பையில் 1992-ல் சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்கு முழு ரயிலையே பெண்களுக்கென்று விட்டார்கள். அங்கே லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் சாயங்காலம் ஏறிப் பாருங்கள். ஆபீஸ் பையை ஓரமாக வைத்துவிட்டு, மடியில் பிளாஸ்டிக் கவரை விரித்துப் பட்டாணி உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் ராத்திரிச் சமையலில் பாதி முடிந்துவிடும். ஆண்களை இறக்கிவிட்ட பெட்டியிலும் அடுப்படி கூடவே ஏறிவிடுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

ஜெனரல் பெட்டியில் எந்த ஆணாவது பட்டாணி உரித்ததைப் பார்த்தவர்கள் இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள்.