இருத்தலும் போதலும்

அயல்மொழி ஒன்றைப் பயிலத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே ஒரு முரணை எதிர்கொள்கின்றனர். எச்சொற்கள் மிகுதியாகப் புழங்குகின்றனவோ அச்சொற்களே இலக்கண விதிக்கு மிகக் குறைவாக அடங்குகின்றன. ஆண்டுக்கொரு முறை வாய்க்கு வரும் வினைச்சொல் வாய்பாட்டின் வழியே பணிவோடு நடக்கிறது. நாளொன்றுக்கு நூறு முறை நாவில் உருளும் வினைச்சொல்லோ தன் போக்கில் செல்கிறது. காரணம் எளிது. அருகி வழங்கும் சொல்லின் வடிவம் மறந்துபோனால், மக்கள் விதியைக் கொண்டு அதனைப் புதிதாக ஆக்கிக்கொள்வர். அன்றாடச் சொல்லை எவரும் மறப்பதில்லை. ஆதலின் அதன் பழைய கோணல் கோணலாகவே தலைமுறைகளைக் கடந்து வந்து சேர்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் மகளோடு ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் குடியேறிய நாங்கள் இருவரும், அறுபது வயதைக் கடந்த பின்னரே ஸ்பானிய மொழிக்கு மாணவரானோம். அதற்கு ஏற்ற ஊர்தான் அது. காஸ்தீலிய மொழிக்கு நெப்ரிஹா எழுதிய முதல் இலக்கண நூல் 1492ஆம் ஆண்டில் அங்கேதான் அச்சேறியது. கொலம்பஸ் கடலில் இருந்த அதே ஆண்டு! வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் கற்பித்த எங்களுக்கு, வினைச்சொல் என்றால் அச்சமில்லை. 'வா' என்பது 'வந்தான்' எனக் குறுகுவதையும் 'வருவான்' எனத் திரிவதையும் விகாரம் என்று விளக்கிப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் 'வா' எத்துணைத் திரிந்தாலும் பிறிதொரு வினையின் வீட்டில் புகுந்து குடியிருப்பதில்லை. ஸ்பானியத்தில் அதுவும் நிகழ்கிறது.

அம்மொழியில் 'சேர்' என்றால் இருத்தல். 'இர்' என்றால் போதல். எங்கள் செவிக்கோ 'இர்' என்பது 'இரு' என்றே ஒலித்தது. ஸ்பானியர் போவதற்கு ஆளும் ஓசையைத் தமிழர் இருப்பதற்கு ஆள்கின்றனர்! இது தற்செயலே, இதை வைத்துக்கொண்டு மொழியுறவு பேசப் புகுவோரை நாங்கள் நம்புவதில்லை. எனினும் வகுப்பில் சிரிப்பை அடக்குவது அரிதாயிற்று.

'சேர்' என்னும் வினையின் வடிவங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று அவற்றை எவரும் சொல்லார். நான் இருக்கிறேன் என்பதற்குச் 'சொய்'. நீ இருக்கிறாய் என்பதற்கு 'எரேஸ்'. அவர் இருக்கிறார் என்பதற்கு 'எஸ்'. தொடர்ந்து நிலவிய இறந்தகாலத்துக்கு 'எரா'. முடிவுற்ற இறந்தகாலத்துக்கு 'ஃபுய்', 'ஃபுயிஸ்தே', 'ஃபுவே'. எதிர்காலத்துக்குச் 'செரே'. இலத்தீனிலிருந்து வந்த வேறுவேறு வினைகள் இங்கே ஒரு கூரையின்கீழ்க் கூடி வாழ்கின்றன. 'சொய்', 'எரா' ஆகியவை 'எஸ்ஸே' என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தவை. 'சேர்', 'செரே' ஆகியவை 'செதேரே' என்பதன் வழி வந்தவை. அதற்குப் பொருள் அமர்தல். இதைக் கேட்டபோது எங்களுக்குப் புல்லரித்தது. நம் 'இரு' என்பதும் அமர்தலைக் குறிப்பதன்றோ? 'இருக்கை' என்னும் சொல் அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தார் இன்றும் விருந்தினரை 'இருங்கோ' என்றுதான் அமரச் சொல்கின்றனர். ஸ்பானியத்தில் நிலைமையைச் சுட்டும் 'எஸ்தார்' என்னும் மற்றொரு வினையோ, நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நாமும் நில் என்பதிலிருந்தே நிலை என்கிறோம். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மக்கள், உளதாந்தன்மையைச் சொல்ல வேறு வழியின்றி ஒரே இடத்தில் சென்று அமர்ந்தும் நின்றும் இருக்கின்றனர்.

'எரேஸ்' என்பதற்கு இன்னும் வியப்பான வரலாறு உண்டு. அது இலத்தீனில் நீ இருப்பாய் என்னும் எதிர்கால வடிவம் என்பர் அறிஞர். நீ என்பதற்கும் அவர் என்பதற்கும் உரிய நிகழ்கால வடிவங்கள் ஓசையில் ஒன்றாகி மயங்கிய காலத்தில், எதிர்காலத்தை எடுத்து நிகழ்காலத்தில் வைத்துக்கொண்டனர்.

இனி, 'இர்'. நான் போகிறேன் என்பதற்கு 'வொய்'. போய்க்கொண்டிருந்தேன் என்பதற்கு 'இபா'. போவேன் என்பதற்கு 'இரே'. போனேன் என்பதற்கோ 'ஃபுய்'. அச்சுப்பிழை என்று கருத வேண்டா. இருந்தேன் என்பதற்கும் போனேன் என்பதற்கும் ஸ்பானியத்தில் ஒரே சொல்தான். அவர் இருந்தார் என்றாலும் 'ஃபுவே'. அவர் போனார் என்றாலும் 'ஃபுவே'. முன்பெல்லாம் இச்சொற்களின் தலையில் அழுத்தக்குறியாவது இருந்தது. ஸ்பானிய அரச கல்விக்கழகம் 1952இல் வெளியிட்டு 1959 முதல் கட்டாயமாக்கிய விதிகளின்படி அதுவும் நீக்கப்பட்டது. அக்குறியும் இரண்டு பொருளுக்கும் பொதுவாகவே இருந்தது என்பது வேறு செய்தி.

இது எப்படி நேர்ந்தது? போதலைக் குறித்த இலத்தீன் வினை மிக மெலிந்த உடம்பினது. அதன் இறந்தகாலம் இரண்டு உயிரோசைகளாகவும் சுருங்கிவிடும். வழக்கில் தேய்ந்துபோன அதற்கு, இருத்தல் வினை தன் இறந்தகாலத்தைக் கடனாகத் தந்தது. ஓர் ஊரில் இருந்தேன் என்றால் அவ்வூருக்குப் போனேன் என்பது தானே பெறப்படுமன்றோ? நாமும் 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்கிறோம். போதலையும் இருத்தலையும் தமிழ் ஒட்டிவைத்துச் சொல்கிறது. ஸ்பானியம் ஒன்றாகவே ஆக்கிவிட்டது. 'ஃபுய்' என்பதன் தொன்மையான வேரோ இருத்தலும் அன்று, போதலும் அன்று. ஆதல் என்பதே அதன் பொருள். பூமி, பூதம் ஆகிய வடசொற்களைத் தந்த வேருக்கு அது உறவு.

இவ்வளவையும் ஏட்டில் எழுதிவைத்திருந்த எங்களுக்குப் பேச்சில் பயிற்சி அளித்தவர், கீழ்த்தளத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம், ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு, நேற்று எங்கே போனீர்கள் என்று வினவுவார். 'ஃபுய்மோஸ் அல் ரியோ', ஆற்றுக்குப் போனோம் என்போம். தொர்மேஸ் ஆற்றங்கரைக்கு அன்றி நாங்கள் வேறெங்கும் அதிகம் போவதில்லை; அது அவருக்குத் தெரியும். வினை வடிவம் பிசகாமல் வருகிறதா என்பதே அவருக்கு வேண்டியது. வந்துவிட்டால், பயணச்சீட்டைச் சரிபார்த்தவர்போலத் தலையசைத்துவிட்டுச் செல்வார்.

ஒரு மார்கழியில் அவர் இறந்தார். ஆறுதல் எழுதும் ஏடு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. எங்கள் முறை மறுநாள் காலை. அவர் நல்ல அயலவராக இருந்தார் என்னும் ஒரு வரியை எழுத விரும்பி, அன்றிரவு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். 'எரா' என்று எழுதுவதா, 'ஃபுவே' என்று எழுதுவதா? தமிழில் இத்தொல்லை இல்லை. 'இருந்தார்' என்ற ஒன்றே இரண்டுக்கும் போதும். ஸ்பானியத்தில் 'ஃபுவே' என்பது ஒரு வாழ்வை முழுமையாக வெளியே நின்று பார்த்துச் சொல்வது. முதலும் முடிவும் அதனுள் அடங்கிவிடும். 'எரா' என்பது உள்ளே நின்று சொல்வது. முடிவு எங்கே என்று அது காட்டுவதில்லை. ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டோம். "இரண்டும் பிழையில்லை. நீங்கள் அவரை முடித்துவிட்டுப் பேசுகிறீர்களா, முடிக்காமல் பேசுகிறீர்களா என்பதுதான் வேறுபாடு" என்றார். இலக்கணம் கற்பித்தோம் என்ற பெயரில் முப்பது ஆண்டுகள் நாங்கள் பேசிய எதனிலும் இத்துணைப் பொருள் இருந்ததா என்று எண்ணிக்கொண்டோம்.

'எரா' என்றே எழுதினோம். 'ஃபுவே' என்று எழுதியிருந்தால் அதில் போனார் என்பதன் நிழலும் விழுந்திருக்கும். அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கில்லை என்று தோன்றியது.

அவ்வுரிமை உடையவர் சில நாள் கழித்து அதைச் சொன்னார். அவருடைய மனைவி. 'சே மே ஃபுவே' என்றார். அவர் போய்விட்டார் என்பதுதான் பொருள். ஆனால் இடையில் 'மே' என்றொரு சிறு சொல் உண்டு. என்னிடமிருந்து, எனக்கு, என் கையைவிட்டு, இம்மூன்றும் அதில் அடங்கும். தமிழில் இதை ஒரே சொல்லில் பெயர்க்க முயன்று கைவிட்டோம். நம் நாளேடுகள் எழுதும் 'காலமானார்' அழகிய சொல்தான். வினையின் காலமும் உலகின் காலமும் நமக்கு ஒரே சொல் அல்லவா? ஆயினும் இழந்தவர் யார் என்று அது சொல்வதில்லை.

குளிர் தணிந்த பின்னர் ஒரு நாள், சந்தையிலிருந்து திரும்பிய அம்மூதாட்டியின் பையை வாங்கிக்கொண்டு கூடவே படியேறினோம். பையில் தக்காளி மிகுதியாக இருந்தது. இவ்வளவும் எதற்கு என்று வினவினோம். "அவருக்குச் சூப்பு பிடிக்கும், ஆனால் தக்காளித் தோல் ஆகாது, எல்லாவற்றையும் உரித்தாக வேண்டும்" என்றார், நிகழ்காலத்தில். சொன்னதைத் திருத்திக்கொள்ளவும் இல்லை. நாங்களும் எந்த வாய்பாட்டையும் தேடவில்லை. தக்காளியை வெந்நீரில் சற்றே இட்டு எடுத்தால் தோல் எளிதில் கழன்றுவிடுகிறது என்று, அதே நிகழ்காலத்தில் விடையிறுத்தோம்.