ஒரு பெயர் போன பின்பு



2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளியான ஒரு செய்தியை நம் காரைக்குடியில் சில வீடுகளில் மற்றச் செய்திகளைவிடக் கூர்ந்து வாசித்தார்கள். மறைமலை நகரில் பூட்டிக் கிடக்கும் ஃபோர்டு தொழிற்சாலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் கார் எஞ்சின்கள் செய்ய அந்நிறுவனம் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதே அச்செய்தி. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஒரு தாயார் என்னிடம், "ஃபோர்டு திரும்ப வருதாமே ஐயா, நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் வழி பிறக்குமா?" என்று கேட்டார்கள்.

அக்கேள்வி நியாயமானதே. பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படித்து முடிக்கும் நம் பிள்ளைகளில் பலர், அதிகாலையில் காரைக்குடியிலிருந்து புறப்படும் பல்லவன் விரைவு வண்டியில் ஏறிச் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். செங்கல்பட்டு தாண்டியதும் சன்னல் வழியே தெரியும் அந்தத் தொழிற்பேட்டைகள் அவர்களுக்கு ஊர்ப்பெயர்கள் அல்ல, பிழைப்பின் பெயர்கள். எனவே இவ்வாரம், ஃபோர்டு என்னும் அந்தப் பெயர் எவ்வாறு எழுந்தது, நம் நாட்டில் எவ்வாறு தாழ்ந்தது, அது தாழ்ந்தபோது பாரத்தைச் சுமந்தவர்கள் யார் என்பதை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஹென்றி ஃபோர்டு 1903இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908இல் 'மாடல் டி' என்னும் கார் வந்தது. அதுவரை மோட்டார் வண்டி செல்வந்தரின் விளையாட்டுப் பொருள். ஃபோர்டு அதைக் குடியானவரின் உடைமையாக்கினார். 1913இல், வேலையாள் நின்ற இடத்தில் நிற்க, வண்டி அவரைத் தேடி நகர்ந்து வரும் முறையை அவர் ஏற்படுத்தினார். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. தொடக்கத்தில் 850 டாலருக்கு விற்ற கார், 1920களில் 300 டாலருக்கும் கீழே வந்தது.

ஆனால் ஒரே திருகை நாள் முழுதும் திருகும் வேலையின் சலிப்பைத் தாங்காமல் ஆட்கள் விலகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1914 சனவரியில் ஃபோர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் அறிவித்தார். முன்னிருந்த கூலியைப்போல் அது இரு மடங்கு. வேலை நேரமும் எட்டு மணியாகக் குறைந்தது. காரைச் செய்தவரே காரை வாங்கலாம் என்னும் நிலை பிறந்தது. அந்தப் பெயருக்கு உலகம் தந்த மதிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வெற்றியே செவியை அடைப்பதும் உண்டு. மக்கள் வண்ணங்களையும் வசதிகளையும் விரும்பத் தொடங்கிய பின்பும், பல்லாண்டுகள் அந்தக் கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. போட்டி நிறுவனமான செவ்ரலே அவர்கள் விரும்பியதைக் கொடுத்தது. ஒன்றரைக் கோடி வண்டிகளுக்கு மேல் செய்த பின்பு, 1927இல் 'மாடல் டி' நிறுத்தப்பட்டது. நிறுவனம் அழியவில்லை, ஆயினும் முதலிடம் கைமாறியது. வாங்குபவரின் குரலைக் கேட்டபோது உயர்வு, கேட்க மறந்தபோது தாழ்வு என்னும் இந்தப் பாடம் பின்னாளில் நம் நாட்டிலும் திரும்பி வந்தது.

ஃபோர்டு இந்தியாவுக்கு முதன்முறை வந்தது 1926இல். அதன் கனடா நிறுவனத்தின் கிளையாக வந்து, பெட்டிகளில் இறங்கிய பாகங்களை இங்கே பூட்டி விற்றது. நம் செட்டிநாட்டின் செல்வமும் அக்காலத்தில் உச்சத்தில் இருந்தது. கொண்டுவிக்கப் போனவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருள், பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் இங்கே வந்து நின்றது. வளவு வீடுகளின் வாசலில் மாட்டு வண்டி நின்ற இடத்தில் சீமை மோட்டார்களும் வந்து நின்றன.

இரண்டு செல்வாக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சரிந்தன. 1930களின் பெருமந்தத்தில் கடன்பட்டவர்கள் பணம் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அவர்கள் விரும்பியது நிலமன்று, பணமே. 1942இல் யுத்தம் அவர்களை அங்கிருந்து விரட்டியது. 1948இல் வந்த சட்டம் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. இங்கே ஃபோர்டுக்கோ, பாகங்களைப் பூட்டி விற்பது மட்டும் போதாது, இந்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்னும் அரசின் கொள்கை 1953இல் வந்தது. அதை ஏற்காத அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. ஃபோர்டும் வெளியேறியது.

அந்நாளில் முதலாளிகளின் இழப்பைப் பற்றி நிறையப் பேசினோம். பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குப் போய், நடந்தே திரும்பி வந்தவர்களின் இழப்பைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். பழைய பெரியவர்களிடம் கேட்டால் அக்கதைகள் இன்றும் வரும். மேலே பெயர் எழுதியிருந்தவரின் வீழ்ச்சி ஏடுகளில் இருக்கிறது. கீழே கணக்கெழுதியவரின் வீழ்ச்சி வீட்டு நினைவுகளில் மட்டுமே இருக்கிறது.

ஃபோர்டு இரண்டாம் முறை வந்தது 1995இல், மகிந்திராவோடு கைகோத்து. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கும் ஊர், ஓர் அமெரிக்கக் காரின் பிறப்பிடமாயிற்று. முதலில் வந்த 'எஸ்கார்ட்' ஐரோப்பியருக்காக வரையப்பட்டது. நம்மவர்கள் அதை அதிகம் நாடவில்லை. 1999இல் வந்த 'ஐகான்' இந்தியருக்கென்றே உருவானது, அதை நாடினார்கள். 2010இல் வந்த சிறிய 'ஃபிகோ'வும், 2013இல் வந்த 'எக்கோஸ்போர்ட்'டும் பெயர் பெற்றன. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட், கப்பலேறி அமெரிக்காவுக்கே விற்பனைக்குப் போனது. டெட்ராய்ட்டில் பிறந்த பெயரை நம் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள் என்றால், அதில் பெருமைப்படுவது தவறாகாது.

எனினும் அடித்தளத்தில் கணக்கு ஒத்துவரவில்லை. இந்நாட்டில் பெரும்பாலோர் வாங்குவது சிறிய, சிக்கனமான, பழுதுபார்க்கச் செலவு குறைந்த கார். அந்தச் சந்தையை மாருதியும் ஹூண்டாயும் பற்றிக்கொண்டிருந்தன. ஃபோர்டு புதிய வண்டிகளைக் கொண்டுவர நீண்ட இடைவெளி விட்டது. வண்டி உறுதியானது, ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம் என்ற பேச்சு மாறவேயில்லை. 2015இல் குசராத்தின் சனந்தில் இரண்டாம் தொழிற்சாலையும் எழுந்தது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் செய்யவல்லவை. இறுதியில் அதில் ஐந்தில் ஒரு பங்களவே நடந்தது. கோபுரம் கட்டியவனின் உவமையை அறிந்த நமக்கு, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2021 செப்டம்பர் 9 அன்று அறிவிப்பு வந்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம். இந்தியாவில் கார் உற்பத்தி நிறுத்தப்படுகிறது. ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள். முகவர்களிடம் பணிபுரிந்த ஏறத்தாழ 40,000 பேரைக் குறித்தும் விற்பனையாளர் சங்கம் கவலை தெரிவித்தது.

சனந்துத் தொழிற்சாலையை டாட்டா நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, அங்கிருந்த கார் உற்பத்தித் தொழிலாளருக்கு வேலை தர முன்வந்தது. மறைமலை நகருக்கு அத்தகைய கை நீளவில்லை. மூடப்படும் என்று தெரிந்த பின்பும், ஏற்றுமதிக்கான வண்டிகளை முடித்துக் கொடுக்க அங்கே வேலை தொடர்ந்தது. 2022 மே இறுதியில் இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் போராட்டம் எழுந்தது. சூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. தம் வாழ்வாதாரத்தின் கடைசி நாளை நோக்கித் தாமே ஒவ்வொரு திருகாகத் திருகிக்கொண்டு போன அந்த மாதங்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அக்காலத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர், சென்னைப் பக்கம் உதிரிபாகம் செய்யும் வேறொரு நிறுவனத்தில் பார்த்த வேலையை இழந்து, நாற்பது வயதில் மனைவி பிள்ளைகளோடு ஊர் திரும்பினார். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பணக் கஷ்டத்தைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. "ஐயா, கடைத்தெருவுக்குப் போனா எல்லாரும் 'எப்ப ஊருக்கு வந்தீங்க, எப்பத் திரும்பப் போறீங்க'ன்னுதான் கேக்குறாங்க. அதுக்குப் பயந்தே சாயங்காலம் இருட்டின பெறகு வெளிய போறேன்" என்றார். கம்பெனியின் பெயர் பொறித்த சட்டை துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. அதை யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை, அணியவும் மனமில்லை என்று அவர் மனைவி சொன்னார்கள்.

பெயர் என்பது ஒரு வாக்குறுதி. வாங்குபவருக்கு மட்டுமன்று, அந்தப் பெயரைச் சட்டையில் அணிந்தவருக்கும் அது வாக்குறுதியே. எந்த ஊரில் இருப்பது, பிள்ளையை எங்கே சேர்ப்பது, வீட்டுக் கடனை எத்தனை ஆண்டில் அடைப்பது என்னும் முடிவுகளையெல்லாம் அவர் அந்தப் பெயரின்மேல் சாய்ந்தே எடுக்கிறார். நட்டமடைந்த தொழிலை முடிவின்றி நடத்த யாராலும் இயலாது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் காரை எப்போது செய்வது என்ற முடிவில் ஒரு சொல்லும் சொல்லாதவர், அம்முடிவு தவறியபோது முதலில் விழுகிறார். ஆகவே ஒரு பெயரை அதன் உயர்வால் மட்டும் அளக்கலாகாது. அது விடைபெறும்போது, தன்மேல் சாய்ந்திருந்தவர்களை எப்படி இறக்கி வைக்கிறது என்பதும் அதன் அளவுகோல்.

அப்படியானால் பெயர் போன பின்பு நிற்பது எது? நம் ஊரிலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால், 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைந்தது. அக்காலத்துச் சீமை மோட்டார்கள் துருப்பிடித்துப் போயின. பல வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் அந்த ஆய்வகம் இன்று மின்கலங்களைப் பற்றி ஆராய்கிறது. உலகத்துக் கார்களெல்லாம் மின்சாரத்துக்கு மாறும் இந்நாளில் அதன் வேலை கூடியிருக்கிறது. பெயருக்காகச் செலவிட்டது தேய்ந்தது. பிறர் கற்பதற்காகக் கொடுத்தது வளர்கிறது.

கற்ற கையும் அப்படியே. அந்தச் சகோதரர் இப்போது நம் ஊர்ப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். பழைய ஃபிகோக்களும் ஐகான்களும் அவரைத் தேடி வருகின்றன. "கம்பெனி போயிருச்சுங்கய்யா, வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். வருமானம் முன்போல் இல்லை. அதை மறைத்து அவர் கதையை இனிப்பாக முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இப்போது பகலில் கடைத்தெருவில் நடக்கிறார்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எஞ்சின் உற்பத்தி 2029இல்தான் தொடங்கும் என்கிறார்கள், அறிவித்திருக்கும் நேரடி வேலைகள் அறுநூறு அளவில்தான். பிள்ளைகள் விண்ணப்பிக்கட்டும், ஆனால் ஒரே பெயரை நம்பிக் காத்திருக்க வேண்டாம், தொழிலைக் கற்றுக்கொண்டே இருக்கட்டும்.

உங்களுக்கும் இவ்வாரம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் தெருவிலோ உறவிலோ வேலையிழந்து வீட்டில் இருக்கும் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். அவரிடம் "எப்போது திரும்பப் போகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்த தொழிலைக் குறித்துக் கேளுங்கள். உங்களால் தர முடிந்த வேலை இருந்தால், உரிய கூலி பேசிக் கொடுங்கள். உங்களிடம் நான்கு பேர் வேலை செய்தால், உங்கள் பெயரின்மேல் சாய்ந்திருக்கும் அந்த நான்கு குடும்பங்களையும் பெயர் சொல்லி நினைத்து ஜெபியுங்கள். கடை நன்றாக நடக்கும் இந்நாளிலேயே அவர்களுக்கென்று ஏதேனும் எடுத்து வையுங்கள்.

சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.